தாய்மைக்குத் துணைநின்ற துறவி மருத்துவர்



திருவிவிலியத்தின் முதல் நூலிலேயே ஒரு வழியோரக் கல்லறையைப் பார்க்கிறோம். அது ராகேலின் கல்லறை. யாக்கோபு தம் குடும்பத்தோடு பெத்தேலை விட்டு எப்ராத்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் ராகேலுக்குப் பேறுகால வேதனை வந்தது. பக்கத்தில் மருத்துவச்சி இருந்தாள். பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் பென்யமின். மனைவியை வழியோரத்தில் அடக்கம் செய்துவிட்டு, கல்லறையின் மேல் ஒரு கல் தூணை நாட்டி, தாயில்லாப் பிள்ளையோடு யாக்கோபு பயணத்தைத் தொடர்ந்தார்.

பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறவி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாட்டரசன்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களிலும் மருத்துவமனையே அறியாமல், வீட்டின் பின்கட்டில் மருத்துவச்சியின் கையால் பிள்ளை பெற்ற தலைமுறை ஒன்று இருந்தது. உயிரைக் கொடுத்துப் பிள்ளையைப் பெற்றாள் என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் பேச்சு வழக்கு அல்ல. பல வீடுகளில் அது உண்மையாகவே நடந்தது.

இந்த மரணங்கள் கடவுள் எழுதிய எழுத்து அல்ல, தடுக்கக்கூடியவை என்று நம்பி, அதற்காகத் தம் வாழ்வையே கொடுத்த ஒரு துறவியைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் டாக்டர் மேரி குளோரி. துறவறத்தில் அவர் ஏற்ற பெயர் இயேசுவின் திருஇருதய மரியா.

ஆஸ்திரேலிய மண்ணில்

மேரி குளோரி 1887-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிர்ரெகுர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூன்றாவது பிள்ளை. அயர்லாந்து வழிவந்த, இறைப்பற்று மிக்க கத்தோலிக்கக் குடும்பம். பின்னர் குடும்பம் வாச்செம் என்ற ஊரில் குடியேறியது. படிப்பில் கெட்டிக்காரப் பெண்ணாக இருந்ததால் உதவித்தொகை பெற்று மெல்பர்ன் நகருக்குப் படிக்கப் போனார். பெண்கள் மருத்துவம் படிப்பதே புதுமையாக இருந்த அக்காலத்தில், 1910-ஆம் ஆண்டு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிந்தார். பிறகு மெல்பர்ன் திரும்பி, கண், காது மருத்துவமனையிலும் புனித வின்சென்ட் மருத்துவமனையிலும் பணியாற்றினார். நகரின் பேர்பெற்ற மருத்துவர்கள் இருந்த காலின்ஸ் வீதியில் அவருக்கும் சொந்த மருத்துவ அறை இருந்தது. 1916-ஆம் ஆண்டு கத்தோலிக்கப் பெண்களின் சமூகப் பணிக்கென அங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவியும் அவரே. கல்வி, தொழில், நற்பெயர், நண்பர்கள் என்று உலகம் விரும்பும் எல்லாம் முப்பது வயதுக்குள் அவருக்குக் கிடைத்துவிட்டன.

ஒரு சிறு புத்தகம்

1915-ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் கையில் ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. அது டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் என்பவரின் வாழ்க்கை வரலாறு. அதைப் படித்து முடித்ததும் மேரி முழந்தாளிட்டுச் செபித்தார். தம் வாழ்வு எங்கே செலவாக வேண்டும் என்பது அப்போதே அவருக்குத் தெளிவாகிவிட்டது.

யார் இந்த ஆக்னஸ் மெக்லாரன்? 1837-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். தம் சொந்த நாட்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டதால், பிரான்சின் மோன்ட்பெல்லியே நகருக்குச் சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். அறுபது வயதைத் தாண்டியபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இந்தியப் பெண்களின் நிலையைக் கேள்விப்பட்டு, எழுபது வயதுக்கு மேல் கப்பலேறி இங்கே வந்தார். ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார்.

அங்கே அவர் கண்ட துன்பம் என்ன? அன்றைய இந்தியாவில் கோஷா முறையைக் கடைப்பிடித்த இஸ்லாமியக் குடும்பங்களிலும், உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும் ஆண் மருத்துவரைப் பெண்கள் பார்க்கக்கூடாது. குழந்தை குறுக்கே சிக்கித் தாய் துடித்தாலும், வாசலில் ஆண் மருத்துவர் நின்றாலும், கதவு திறக்காது. பெண் மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். சென்னையில் நம்மவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனை 1885-ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

அப்படியானால் மருத்துவம் படித்த அருட்சகோதரிகளை அனுப்பினால் என்ன? அங்கேதான் பெரிய தடை இருந்தது. துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதையும், குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதையும் அன்றைய திருச்சபை ஒழுங்கு அனுமதிக்கவில்லை. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு அது தகாது என்று கருதப்பட்டது. துறவு வாழ்வின் தூய்மையைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த விதிதான் அது. ஆனால் அந்த விதியின் மறுபக்கத்தில், பெண் மருத்துவர் கிடைக்காமல் இறந்துகொண்டிருந்த தாய்மார்கள் இருந்தார்கள். ஆக்னஸ் அம்மையார் முதிய வயதில் பலமுறை உரோமைக்குப் பயணம் செய்து, விதியைத் தளர்த்தும்படி மன்றாடினார். பதில் கிடைக்கும் முன்பே, 1913-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

அவர் தோற்றுப்போனாரா? இல்லை. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தது. இரண்டு ஆண்டுகளில் அது முளைத்த இடம் ஆஸ்திரேலியா.

குண்டூர் நோக்கி

மேரி உடனே கிளம்பிவிடவில்லை. அழைத்தல் வந்துவிட்டது என்பதற்காகத் தயாரிப்பை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. இந்தியத் தாய்மாருக்கு எது தேவையோ அதையே மேற்கொண்டு படித்தார். மகப்பேறு, பெண்கள் நோய், கண் நோய் ஆகிய துறைகளில் கற்றுத் தேர்ந்து, 1919-ஆம் ஆண்டு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். இறைவனுக்குக் கொடுப்பதை அரைகுறையாகக் கொடுக்கக்கூடாது என்று அவர் எண்ணினார் போலும்.

1920-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கப்பலேறி, பிப்ரவரி மாதம் குண்டூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள குண்டூர், அன்று நம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. நெதர்லாந்து நாட்டில் தோன்றிய இயேசு மரி சூசை சபைச் சகோதரிகள் அங்கே ஏற்கெனவே பணியாற்றி வந்தார்கள். மேரி அச்சபையில் சேர்ந்தார். துறவியாகவும் மருத்துவராகவும் அவர் ஒருசேரப் பணியாற்றத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி வழங்கினார். இப்படி மருத்துவராகப் பணியாற்ற அனுமதி பெற்ற முதல் துறவி என்று அவர் போற்றப்படுகிறார்.

சிறிய மருந்தகமாக இருந்த இடம், அவர் கையில் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் தெலுங்கு மொழியைக் கற்றுக்கொண்டார். வெளிநாட்டு மருந்துகள் விலை கூடியவை, எளிதில் கிடைக்காதவை என்பதால், நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துகளையும் ஆராய்ந்து, பயனுள்ளவற்றைப் பயன்படுத்தினார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்கும் போனார். பல ஆண்டுகள் அவர் ஒருவர்தான் அங்கே மருத்துவர். ஆண்டுகள் செல்லச் செல்ல லட்சக்கணக்கான நோயாளிகள் அந்த மருத்துவமனையால் பயன்பெற்றார்கள்.

அக்காலத்தில் தாய்மார்கள் எதனால் இறந்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் இன்றும் காரணங்கள் பெரும்பாலும் அவையே. முதலாவது, பிள்ளை பிறந்தபின் நிற்காத உதிரப்போக்கு. நலமாக இருந்த பெண்ணையும் இது சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். இரண்டாவது, கழுவாத கையாலும் சுத்தமில்லாத கத்தியாலும் வரும் பிரசவ ஜன்னி. மூன்றாவது, இரத்த அழுத்தம் ஏறி, கைகால் வீங்கி, இறுதியில் வரும் வலிப்பு. நான்காவது, இடுப்பெலும்பு குறுகியோ குழந்தை குறுக்கே கிடந்தோ பிரசவம் நாள்கணக்கில் நின்றுபோவது. இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக, சரியான உணவில்லாத பெண்களின் இரத்தச்சோகை. இரத்தம் குறைந்த உடலுக்குச் சிறிதளவு உதிரப்போக்கையும் தாங்க முடியாது.

இவற்றுள் எதற்கும் வானத்திலிருந்து புதுமை இறங்க வேண்டியதில்லை. சுத்தமான கைகளும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும், தேவைப்படும் நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யத் தெரிந்த ஒரு மருத்துவரும் இருந்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். இதை அறிந்திருந்த மேரி, எல்லாவற்றையும் தாமே செய்துவிட முயலவில்லை. உள்ளூர்ப் பெண்களையே மருத்துவச்சிகளாகவும் செவிலியராகவும் மருந்து கலக்குபவர்களாகவும் பயிற்றுவித்தார். மருத்துவர் ஒருவர் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? பயிற்சி பெற்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தால் அந்த நற்செயல் பெருகுமல்லவா?

வேறு தோட்டத்திலும் அதே விதை

இதே வேதனையை நம் தமிழ் மண்ணில் இன்னொரு பெண்ணும் கண்டார். அவர் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், வெவ்வேறு வீடுகளிலிருந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காக்க வரும்படி அவரை அழைத்தார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப்போக அந்தக் குடும்பங்களின் வழக்கம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியையும் அவர் வேலூரில் தொடங்கினார். அவர் நம் பிரிந்த சகோதர சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் அழைத்தவர் ஒரே ஆண்டவர், அழைப்பு வந்ததும் ஒரே துயரத்தின் வழியாக.

1936 - கதவு திறந்தது

மேரிக்குக் கிடைத்தது தனி அனுமதி. அது ஒருவருக்குத் திறந்த சன்னல். எல்லாருக்கும் கதவு எப்போது திறக்கும்?

ஆக்னஸ் மெக்லாரனின் வழிகாட்டுதலைக் கடிதங்கள் வழியாகப் பெற்ற மற்றொரு பெண், ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாக்டர் அன்னா டெங்கல். அவர் ராவல்பிண்டி மருத்துவமனையில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மருத்துவப் பணிக்கென்றே ஒரு பெண்கள் குழுவைத் தொடங்கினார். பழைய விதி தடையாக இருந்ததால், அவர்கள் முழுமையான துறவற வார்த்தைப்பாடு கொடுக்க முடியாத நிலையிலேயே பல ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இறுதியில் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, மறைபரப்பு நாடுகளில் தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பது பற்றி உரோமை ஓர் அறிவுரை மடலை வெளியிட்டது. துறவறச் சகோதரிகள் மருத்துவம் படிக்கலாம், மகப்பேற்றுப் பணியும் செய்யலாம் என்று அது அனுமதித்தது. அனுமதித்ததோடு நில்லாமல் ஊக்கமும் அளித்தது. ஆக்னஸ் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, அவர் கேட்டது கிடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டே, அயர்லாந்தைச் சேர்ந்த அன்னை மேரி மார்ட்டின், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா மண்ணில் தம் வார்த்தைப்பாட்டைக் கொடுத்து, மரியாவின் மருத்துவ மறைப்பணியாளர்கள் சபையைத் தோற்றுவித்தார். தாய்சேய் நலமே அச்சபையின் சிறப்புப் பணியாயிற்று. குண்டூரில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அனுமதி, பதினேழு ஆண்டுகளுக்குள் கண்டங்களைக் கடந்து விரிந்ததை எண்ணிப் பார்க்கிறோம்.

திருச்சபை எல்லாம் அறிந்ததாக வானத்திலிருந்து இறங்கவில்லை. அது கேட்கக் கற்றுக்கொள்ளும் தாய். இந்தக் காரியத்தில் அதற்குக் கற்பித்தவர்கள், அதை விட்டுப் போகாமலும், அதை எதிர்த்துக் கலகம் செய்யாமலும், அதேவேளை வாய்மூடி இராமலும், மீண்டும் மீண்டும் போய்க் கதவைத் தட்டிய பெண்கள். கீழ்ப்படிதல் என்பது ஊமையாய் இருப்பதல்ல என்பதை இவர்களிடம் கற்றுக்கொள்கிறோம்.

விதைத்துவிட்டுச் சென்றவர்

1943-ஆம் ஆண்டு மேரி இன்னொரு பெரிய செயலைத் தொடங்கினார். ஆங்காங்கே தனித்தனியாக இயங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் ஒன்றிணைக்க, கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தை உருவாக்கினார். ஒரு சில சகோதரிகளோடு தொடங்கிய அந்தச் சங்கம், இந்தியா முழுவதும் 3,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. அவற்றுள் பல, வேறு மருத்துவ வசதி எட்டாத சிற்றூர்களில் உள்ளவை.

நம் நாட்டு இளையோர் மருத்துவம் படிக்க ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதை அவர் கண்ணால் காணவில்லை. நோயின் கடும் வேதனையை அமைதியாகத் தாங்கி, 1957-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். 37 ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்தவர், மீண்டும் தம் தாயகம் திரும்பவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1963-ஆம் ஆண்டு, அதே பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2013-ஆம் ஆண்டு திருச்சபை அவரை இறை ஊழியர் என்று அறிவித்தது.

ஆக்னஸ் விதி மாறியதைக் காணவில்லை. மேரி கல்லூரியைக் காணவில்லை. இறைவனின் வயலில் விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர்.

நமக்கான சிந்தனை

இவையெல்லாம் பழங்கதையா? 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ, பிரசவத்திலோ, அதையடுத்த நாள்களிலோ இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பத்தில் ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் நைஜீரியாவில் இறந்தவர்கள். நம் நாட்டில் நிலைமை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 2018-20-ஆம் ஆண்டுகளின் அரசுக் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும், தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் இறந்தார்கள். குறைந்திருக்கிறது என்று மகிழலாம். ஆனால் அந்த 54 பேரும் எண்கள் அல்ல. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தொட்டில் தாயின்றி ஆடியது.

இத்தகைய மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுகிறார்கள். ஆபத்து என்று உணர்ந்து மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். போன இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதையும் மூன்றாவதையும் அரசும் மருத்துவமனைகளும் சரிசெய்ய வேண்டும். நமக்கு 108 வண்டி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. நம் நாட்டின் முன்னோடிப் பெண் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. ஆனால் முதல் தாமதம் நம் வீட்டுக்குள்தான் நடக்கிறது. மாமியார் வரட்டும், கணவர் ஊரிலிருந்து போன் செய்யட்டும், நல்ல நேரம் பார்க்கட்டும் என்று காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலை ஆகலாம்.

வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கிறோம், ஏழு வகைச் சோறு கட்டுகிறோம், கை நிறைய வளையல் அடுக்குகிறோம். நல்லதுதான். அந்தப் பெண் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாளா, இரத்த அளவு எவ்வளவு, இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்கிறோமா? வீட்டில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் கருவுற்ற பெண்ணுக்கும் தொடர்கிறதா? வீட்டு ஆண்கள் பரிசோதனை நாளன்று ஒரு நாள் வேலையை விட்டு உடன் போகிறோமா?

பங்குகளில் நாம் செய்யக்கூடியது உண்டு. அன்பியக் கூட்டங்களில், அப்பகுதியில் யார் கருவுற்றிருக்கிறார், அவருக்குத் துணை யார், அவசரத்துக்கு வண்டி யாரிடம் இருக்கிறது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியரை அழைத்து, ஆபத்து அறிகுறிகளைப் பெண்களுக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் சொல்லித்தரச் செய்யலாம். இளைஞர்கள் இரத்ததானப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாம். சாதி, மதம் பாராமல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இவை சேர வேண்டும். மேரி குளோரியின் மருத்துவமனை வாசலில் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்ற இரு மருத்துவச்சிகளைச் சந்திக்கிறோம். பார்வோன் மன்னனின் கட்டளைக்கு அஞ்சாமல், கடவுளுக்கு அஞ்சி, பிள்ளைகளை உயிரோடு காத்தவர்கள். அந்நூல் அந்த மன்னனின் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இந்த இரு ஏழைப் பெண்களின் பெயரை மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. கருவுற்ற செய்தி கேட்டதும் மலைநாட்டுக்கு விரைந்து போய், எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்த நம் அன்னை மரியாவும் இந்த வரிசையில் நிற்கிறார். கபிரியேல் தூதரின் செய்திக்குப்பின் அவர் செய்த முதல் காரியம், பேறுகாலத்தை எதிர்நோக்கிய ஒரு பெண்ணுக்குத் துணைபோனதுதான்.

நம் வீட்டில், நம் தெருவில், இன்று பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண் யார்? அவரிடம் விரைந்து செல்லும் மரியாவாக நாம் இருப்போமா?

வாழ்வின் ஊற்றாகிய இறைவா, கருவுற்ற தாய்மாரையும் அவர்கள் வயிற்றில் வளரும் பிள்ளைகளையும் காத்தருளும். அவர்களுக்காக இரவு பகலாக விழித்திருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள் கரங்களைத் திடப்படுத்தும். உம் ஊழியர் மேரி குளோரியைப் போல், எங்கள் அறிவையும் நேரத்தையும் உயிர் காக்கும் பணிக்குத் தரும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.